இரண்டு மணிக்கு முன் வந்தவர்கள்

என் தாயார் மாயவரத்தில் பிறந்து வளர்ந்தவர். மயிலாடுதுறை என்னும் பெயர் ரயில் நிலையப் பலகையில் ஏறி நெடுங்காலம் ஆகிவிட்ட போதிலும், அவர் வாயில் அந்த ஊர் இன்றைக்கும் மாயவரம்தான். 1926-ஆம் ஆண்டிலிருந்து 1986-ஆம் ஆண்டு வரையில் அங்கிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு சிறு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு வயதுச் சிறுமியாக இருந்த காலத்தில், தம் தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிய தூக்குப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, அந்த ரயிலில் ஏறிச் சமுத்திரத்தைப் பார்க்கப் போன விருத்தாந்தத்தை அவர் எங்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கிட முடியாது. எழுபத்தாறாவது வயதில், அதே கரையில் நின்று இன்னொரு முறை சூரியோதயத்தைத் தரிசிக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டபோது, அதை நிறைவேற்றி வைப்பதைக் காட்டிலும் எனக்கு வேறு என்ன வேலை இருக்க முடியும்?

ஆகவே மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், நானும் என் மனைவியும் ஒன்பது வயது மகளும் தாயாருமாக எழும்பூரில் இரவு வண்டி ஏறினோம். விடியற்காலை நான்கு மணி சுமாருக்கு மயிலாடுதுறையில் இறங்கி, வாடகைக் கார் ஒன்றை அமர்த்திக்கொண்டு, செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் என்று இருட்டில் ஒவ்வோர் ஊராகக் கடந்து, ஐந்தரை மணிக்கெல்லாம் தரங்கம்பாடியில் நாங்கள் பதிவு செய்திருந்த விடுதியின் வாசலில் போய் நின்றோம். சமுத்திரம் கண்ணுக்குப் புலப்படவில்லை. அதன் ஓசை மட்டும் கேட்டது. காரை விட்டு இறங்குமுன்பே அம்மா, "அதே சத்தம்" என்றார்.

விடுதியின் முன்னறையில் இருந்த இளைஞர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவர். மரியாதைக்குக் குறைவில்லாமல்தான் பேசினார். "ரூம் எல்லாம் ஃபுல் சார். பதினோரு மணிக்குக் காலி பண்ணுவாங்க. க்ளீன் பண்ணி ரெண்டு மணிக்குத்தான் தர முடியும். பையை வேணும்னா இங்க வெச்சுட்டுப் போங்க" என்றார். பதிவுச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். செக்-இன் பிற்பகல் இரண்டு மணி, செக்-அவுட் முற்பகல் பதினொரு மணி என்று அதில் இருக்கத்தான் இருந்தது. ஊரின் பெயரையும் நாளின் தேதியையும் கடலை நோக்கிய ஜன்னலின் படத்தையும் பார்த்துப் பணத்தைக் கட்டிய நான், அந்த ஒரு வரியைப் படிக்கத் தவறியிருந்தேன். அது என் பிழை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எழுபத்தாறு வயது மூதாட்டி ஒருவர் இரவு முழுவதும் ரயிலில் வந்து, கை கால் கழுவி முகம் அலம்பிக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்று கேட்டபோது, "முன்னாடி பாத்ரூம் கிடையாது சார், ரூம்லதான் இருக்கு" என்ற பதில் வந்ததே, அதை மட்டும் என் மனம் இன்றளவும் ஏற்க மறுக்கிறது.

அச்சமயம் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அருகே வந்தார். பக்கத்து மீனவர் குடியிருப்பைச் சேர்ந்தவர். வயது ஐம்பது இருக்கலாம். என் முகத்தையும் பாராமல், அந்த இளைஞரின் முகத்தையும் பாராமல், நேரே என் தாயாரிடம், "வாங்கம்மா, பின்னால எங்க பாத்ரூம் இருக்கு. சுத்தமா கழுவி வெச்சிருக்கேன். நிதானமா வாங்க, படி இருக்கு" என்று சொல்லிக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். வேலைக்காரர்களுக்கென்று கட்டப்பட்ட அந்தச் சிறிய குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சோப்புத் துண்டும் இருந்தன. பத்து நிமிஷம் கழித்து, நெற்றியில் விபூதியுடன், வேறு புடவை உடுத்திக்கொண்டு அம்மா திரும்பி வந்தபோது அவர் முகத்தில் இருந்த தெளிவைக் கண்ட பிறகுதான் என் நெஞ்சின் பாரம் சிறிது குறைந்தது.

சூரியோதயத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. கண்டோம், அம்மா கைகூப்பினார், என் மகள் பாட்டியின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அலையில் நின்றாள். அவ்வளவு போதும். அதன் பிறகு கழிய வேண்டியிருந்த ஏழு மணி நேரத்தைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன்.

கரையிலேயே, கடலைப் பார்த்தவாறு மாசிலாமணிநாதர் ஆலயம் இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த அந்தக் கோயிலின் கல்வெட்டு இந்த ஊரைச் சடங்கன்பாடியான குலசேகரப்பட்டினம் என்று குறிக்கிறது. முன்பகுதியைச் சமுத்திரம் சிறிது சிறிதாகக் கொண்டுபோய்விட்டது. எஞ்சியதைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். அங்கே தரிசனம் முடித்துக்கொண்டு, ஒரு கடையில் இட்டிலியும் காப்பியும் சாப்பிட்டுவிட்டு, டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டையை வெளியிலிருந்தே சுற்றிப் பார்த்தோம். 1620-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், தஞ்சை ரகுநாத நாயக்கரும் டென்மார்க்கிலிருந்து கப்பலில் வந்த ஓவ கெத்தே என்பவரும் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக எழுந்த கோட்டை அது. 1845-இல் ஆங்கிலேயரிடம் விலைக்குப் போகும் வரையில் இரண்டேகால் நூற்றாண்டில் பெரும்பகுதி டேனிஷ்காரர்களின் கொடி இந்தக் கரையில் பறந்திருக்கிறது. ஒன்பது மணிக்குள் இவ்வளவும் ஆகிவிட்டன. வெயில் ஏறத் தொடங்கியது. அம்மா வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பத்து அடிக்கு ஒருமுறை நின்றார்.

ராஜ வீதியில் புதிய எருசலேம் ஆலயத்தின் நிழலில் அவரை உட்கார வைத்தோம். 1718-இல் கட்டப்பட்ட அந்த ஆலயத்துக்குள்தான் பாதிரியார் சீகன்பால்க் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். இந்த ஊருக்கு அச்சுக்கூடம் வருவதற்கும், 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முடிவதற்கும் காரணமாக இருந்தவர். முப்பத்தாறாவது வயதிலேயே காலமானவர். அவரைப் பற்றிப் படித்திருந்த ஒரு செய்தி அந்த நிழலில் உட்கார்ந்திருந்தபோது என் ஞாபகத்துக்கு வந்து, அன்றைய தினம் முழுவதும் என்னை விட்டு அகலவில்லை. 1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒன்பதாம் தேதி, சீகன்பால்கும் அவர் தோழர் புளூட்சோவும் மாதக்கணக்கான கடற்பிரயாணத்தை முடித்து, டென்மார்க் அரசனின் ஆணையோடு இந்தக் கரையில் இறங்கியபோது, அவர்களை வரவேற்க ஒருவரும் இல்லை. காலையில் வந்தவர்களை, கோட்டையின் தலைவர் மாலை நேரம் நெருங்கும் வரையில் வெயிலில் காக்க வைத்துப் பின்னர்தான் பார்த்தார். பார்த்த பிறகும் தங்குவதற்கு இடம் ஏதும் சொல்லாமல் சந்தைவெளியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். இரக்கம் கொண்ட ஒருவர் இருட்டும் வேளையில் அவர்களை அழைத்துப் போய் ஒரு வீட்டில் இடம் தேடிக் கொடுத்தார். அந்தத் தலைவருக்கு வேறு அரசியல் காரணங்கள் இருந்தன. அவற்றை நம் விடுதிக்காரர்களோடு ஒப்பிடுவது தகாது. நான் எண்ணிப் பார்த்தது அந்த இரக்கம் கொண்டவரைத்தான். அவர் கொடுத்தது அரண்மனை அல்ல. உள்ளே வா என்ற ஒரு சொல்லும், தலைக்கு மேல் ஒரு கூரையும்தான்.

பதினொரு மணிக்கு விடுதிக்குத் திரும்பிப் போய் முன்னறையில் இருந்த இரண்டு நாற்காலிகளில் இடம் பிடித்துக்கொண்டோம். அடுத்த மூன்று மணி நேரத்தில் என் கண்ணால் கண்டவற்றை நடுநிலையோடு எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன். பத்து அறைகள் உள்ள விடுதி அது. வெள்ளிக்கிழமை இரவு தங்கியவர்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் காலி செய்துகொண்டு புறப்பட்டார்கள். அறைகளைச் சுத்தம் செய்ய இருந்தவர்கள் இருவர். அவர்களில் ஒருவர் காலையில் எங்களுக்கு உதவிய அந்த அம்மாள். கடலோர அறையைச் சுத்தம் செய்வது மற்ற ஊர் அறைகளைப் போல அல்ல. கட்டில் விரிப்பில் மணல், குளியலறைக் குழியில் மணல், ஈரத் துண்டுகள் நாற்காலிமேல் கிடந்து மரமெல்லாம் நனைந்திருக்கும், ஜன்னல் கண்ணாடியில் உப்புப் படிந்திருக்கும். ஓர் அறைக்கு அரைமணிக்கு மேல் பிடிக்கிறது. பத்து அறைகளை இரண்டு பேர் பங்கிட்டுக்கொண்டால் மூன்று மணி நேரம் குனிந்த முதுகு நிமிராமல் வேலை செய்ய வேண்டும். பதினொன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே இருக்கும் அந்த மூன்று மணி நேரம் யாரோ மனம்போன போக்கில் வைத்த கணக்கல்ல. இந்த இரண்டு பெண்களின் உழைப்பு அது. சீக்கிரம் அறையைக் கொடு என்று அந்த இளைஞரை நான் அதட்டியிருந்தால், அந்த அதட்டல் கடைசியில் போய் விழுந்திருக்கும் இடம் அவர்களுடைய முதுகுதான்.

இரண்டு மணி என்ற விதியின்மேல் எனக்கு வழக்கு இல்லை. இரண்டு மணிக்கு முன் வந்துவிட்டவனுக்கு அந்த வீட்டில் ஒன்றுமே கிடையாது என்பதன்மேல்தான் வழக்கு. அறை இல்லை என்று சொல்வது நியாயம். முகம் கழுவத் தண்ணீர் இல்லை என்று சொல்வது நியாயமாகாது. முன்னறையை ஒட்டி ஒரு குளியலறை, சாய்ந்து உட்கார ஒரு பெஞ்சு, பெட்டிகளைப் பூட்டி வைக்க ஓர் அலமாரி, கேட்டால் கிடைக்கும்படி ஒரு டம்ளர் காப்பி, இவ்வளவுதான் வேண்டும். கடற்கரை ஊர்களுக்கு ஜனங்கள் வந்து சேர்வது பெரும்பாலும் இரவு ரயிலிலும் இரவு பஸ்ஸிலும்தான் என்பது விடுதி நடத்துகிற எவருக்கும் தெரியாத ரகசியம் அல்லவே.

வேளை தவறி வருகிறவர்களை உள்ளே அழைத்து உபசரிப்பது நம் தேசத்துக்குப் புதிதும் அன்று. தரங்கம்பாடியைச் சுற்றியிருந்த தஞ்சைச் சீமையில், ராமேசுவர யாத்திரை போகிறவர்களுக்காக மராட்டிய மன்னர்கள் வழி நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். அவற்றைப் பற்றி இரண்டாம் சரபோஜி மன்னர் 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தை முதன்முதலில் படித்த நாளில் என் கண்கள் கலங்கின. எந்த ஜாதியார் வந்தாலும், எந்த வகை யாத்திரிகர் வந்தாலும் அன்னமிடுவது வழக்கம் என்றும், நோயாளிகளுக்கு வைத்தியரும், கைக்குழந்தைகளுக்குப் பாலும், கர்ப்பிணிகளுக்குப் பராமரிப்பும் உண்டு என்றும் விவரித்துக்கொண்டு போகிற மன்னர், நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் யாரேனும் இருந்தால் வரலாம் என்று அறிவிக்கும் சம்பிரதாயத்தையும் குறிப்பிடுகிறார். வாசல் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று அறிவிப்பதற்கு இன்று பலகை இருக்கிறது. அன்று மணி அடித்தது, காலம் தப்பி வந்தவனை உள்ளே அழைப்பதற்காக.

சத்திரத்தின் தர்மத்தை வியாபாரத்திடம் எதிர்பார்ப்பது சரியா என்று சிலர் கேட்கலாம். எதிர்பார்க்கலாம் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டாம். ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் திருக்கடையூரே சாட்சி. அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாவது வயதின் சதாபிஷேகத்துக்கும் தமிழ்நாடு முழுவதிலுமிருந்து குடும்பங்கள் வந்து குவிகிற ஸ்தலம் அது. விடிகாலை முகூர்த்தத்துக்கு நள்ளிரவில் வந்து இறங்குவார்கள். கிழவர்களும் குழந்தைகளுமாக இருபது முப்பது பேர் ஒன்றாக வருவார்கள். அங்கே நான் தங்கியிருக்கிற லாட்ஜில் இருபத்துநான்கு மணி நேரக் கணக்கு. விடிகாலை நான்கு மணிக்குச் சாவி வாங்கினால் மறுநாள் நான்கு மணி வரையில் அறை நம்முடையது. வருகிறவர்கள் எல்லா நேரத்திலும் வருகிறார்கள், போகிறவர்களும் எல்லா நேரத்திலும் போகிறார்கள். ஆகவே சுத்தம் செய்கிற வேலையும் நாள் முழுவதும் பரவிக்கிடக்கிறது. கடற்கரை விடுதிகளிலோ அறையை இணையத்தில் தேதியைக் கொண்டு விற்கிறார்கள். மணியைக் கொண்டு விற்பதில்லை. ஒரு நாள் வாடகை என்று நாம் கொடுப்பது இரண்டு மணியிலிருந்து மறுநாள் பதினொரு மணி வரையிலான இருபத்தொரு மணி நேரத்துக்குத்தான். கோயிலுக்கு வருகிறவன் வரும் வேளையை அறிந்து கணக்கு வைத்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். கடலுக்கு வருகிறவனும் சூரியோதயத்துக்கு முன்தான் வருகிறான்.

அன்று இரண்டே காலுக்கு அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் சமுத்திரம் பளபளவென்று கண்ணைக் கூசச் செய்தது. அம்மா அதைப் பார்க்கவில்லை. கட்டிலில் படுத்தவர் ஆறரை மணி வரையில் எழுந்திருக்கவே இல்லை. அஸ்தமனமாகிவிட்டது. மறுநாள் பதினொரு மணிக்கு நாங்கள் காலி செய்ய வேண்டியிருந்தது.

இந்த அனுபவத்துக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதை, உங்களில் யாருக்கேனும் வயதான தாய் தந்தையரை அழைத்துப் போகும் பாக்கியம் வாய்த்தால் உதவக்கூடும் என்பதற்காகச் சொல்கிறேன். பதிவு செய்த கையோடு விடுதிக்கே நேரில் தொலைபேசியில் பேசிவிடுங்கள். நடுவில் இருக்கிற பதிவுத் தளத்தில் எழுதி வைக்கும் வேண்டுகோள் வாசலில் இருப்பவர் காதுக்கு எட்டுவது நிச்சயமில்லை. அர்லி செக்-இன் உண்டா, அரை நாள் வாடகைக்கு இடம் கொடுப்பார்களா, அறை இல்லாவிட்டாலும் குளித்து உடை மாற்ற வசதி உண்டா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். அவை மூன்றும் ஒன்றல்ல. பெரிய ஊர் ரயில் நிலையங்களில் ஓய்வறைகள் இருக்கின்றன. பிரயாணச் சீட்டைக் காட்டிப் பதிவு செய்துகொள்ளலாம். காலை ஆகாரத்தையும் ஸ்நானத்தையும் அங்கேயே முடித்துக்கொண்டு சாவகாசமாகக் கடற்கரைக்குப் போவது முதியவர்களுக்கு நல்லது. சூரியோதயம் முதல் நாளே வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாவிட்டால், பகலில் ஓடும் சோழன் எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். நண்பகல் வாக்கில் மயிலாடுதுறையில் இறங்கி, சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சேரும்போது அறை தயாராக இருக்கும். பண வசதி இடம் கொடுக்குமானால், முந்தின இரவுக்கும் சேர்த்துப் பதிவு செய்வதுதான் எல்லாவற்றிலும் உத்தமமான வழி. ஆனால் அப்படிச் செய்கிறவர்கள், விடிகாலையில்தான் வருவோம் என்று முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், இரவில் ஆள் வரவில்லை என்று பதிவையே ரத்து செய்துவிடக்கூடும்.

மறுவருஷம் மாசியில் அம்மா மீண்டும் தரங்கம்பாடிக்குப் போக வேண்டும் என்றார். வேறு விடுதி பார்க்கலாமா என்றேன். "வேண்டாம், அதே இடம்தான். அந்தப் பொண்ணைப் பார்க்கணும்" என்றார். முந்தின இரவுக்கும் வாடகை கட்டி, விடிகாலை வருகிறோம் என்று இரண்டு முறை தொலைபேசியில் சொல்லி உறுதி செய்துகொண்டு புறப்பட்டோம். ஐந்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது சாவி தயாராக இருந்தது, விரிப்புகள் வெள்ளையாக இருந்தன, வெந்நீரும் வந்தது. நான் பெட்டிகளை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணவில்லை.

வாசல் திண்ணையில், கையில் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். பைக்குள், தாமே கடைக்குப் போய்த் தேர்ந்தெடுத்த கூறைநாட்டுப் புடவை ஒன்று இருந்தது. அந்த அம்மாள் இப்போதெல்லாம் ஏழு மணிக்குத்தான் வேலைக்கு வருகிறார் என்று முன்னறையில் இருந்தவர் சொன்னாராம். "அறை திறந்திருக்கிறதே, உள்ளே வந்து சற்றுப் படுத்துக்கொள்ளுங்கள் அம்மா, அவர் வந்ததும் கூப்பிடுகிறேன்" என்றேன்.

"நீ போ தம்பி. நான் இங்கேயே இருக்கேன்" என்றார்.

கிழக்கு வெளுத்தது, சூரியன் எழுந்தது, என் மகள் ஓடிப்போய் அலையில் நின்றாள். அம்மா திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, குடியிருப்பின் பக்கமிருந்து மணலில் ஒரு பெண் நடந்து வருவது தெரிந்தது. பாதி வழியிலேயே அவர் அடையாளம் கண்டுகொண்டு நடையை விரைவுபடுத்தினார்.

"எப்பம்மா வந்தீங்க? எவ்வளவு நேரமா உட்கார்ந்திருக்கீங்க?"

"இப்பத்தான்" என்றார் அம்மா.